வீட்டுக் கோழிகளின் நோயும் இழப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு சமயத்தில் வளர்ப்பது பத்துப் பன்னிரண்டு கோழிகள்தான். எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. இத்தனை வருடங்களில் பலவற்றை ஒவ்வொன்றாகவும், ஒரு முறை ஒரே வாரத்தில் நான்கையும் இழந்திருக்கிறேன். கோழி வளர்க்கிற நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும், இரவில் டார்ச்சோடு கூண்டருகே நின்று நானே என்னைக் கேட்டுக்கொண்ட கேள்விகளும் இங்கே கலந்து இருக்கின்றன. நான் மருத்துவர் இல்லை. மருந்து, அளவு எல்லாம் கால்நடை மருத்துவர் சொல்வதுதான் கணக்கு.

நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது? காலையில் எப்படிச் செத்துக் கிடக்கிறது?

அநேகமாக நேற்றே அதற்கு முடியவில்லை. நமக்குத்தான் அது தெரியவில்லை.

கோழி பிறருக்கு இரையாகிற பறவை. தளர்ந்து நிற்பவளைத்தான் பருந்து முதலில் பார்க்கும். கூட்டத்துக்குள்ளும் இதே கதைதான். யார் யாரைக் கொத்தலாம் என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. 1921இல் நார்வேக்காரரான ஷெல்டரப்-எப்பே இதை முதலில் எழுதி வைத்தார். கோழி வைத்திருக்கும் எவரும் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுகிற விஷயம்தான். மேலே இருக்கிற கோழி கொஞ்சம் சோர்ந்தால் கீழே இருப்பவை அன்றே ஏறிவிடும். அதனால் நிற்க முடிகிற வரைக்கும் நிற்கும். தீனி போட்டால் ஓடி வரும், கொத்துவதுபோல் தலையை ஆட்டும், ஒன்றும் தின்றிருக்காது. நம் கண்ணுக்கு நோய் தெரியும்போது உள்ளே பாதிக் கதை முடிந்திருக்கும்.

உண்மையிலேயே திடீரென்று வருகிற சாவும் உண்டு. கடும் வெயில் ஒன்று. கொழுத்த பெட்டைகளுக்கு வரும் கல்லீரல் கொழுப்பு இன்னொன்று. கொழுப்பேறிய கல்லீரல் மெதுமெதுவென்று ஆகி, ஒரு நாள் முட்டையிட முக்கும்போதே கிழிந்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டிவிடும். என் ‘பூசணி’ அப்படித்தான் போனாள். பேரைப் பார்த்தாலே தெரியும், அவளுக்குத் தானியம் அள்ளிப் போட்டது யார் என்று.

இப்படி மறைக்கிற நோயை நாம் எப்படிப் பிடிப்பது?

இரண்டு நேரம் போதும்: காலையில் திறந்துவிடும்போதும், மாலையில் அடையும்போதும்.

காலையில் யார் கடைசியாக இறங்குகிறாள் என்று பாருங்கள். எப்போதும் முண்டியடித்து வருபவள் இன்று கடைசி என்றால் அவளை அன்றைக்குக் கவனியுங்கள். மாலையில் அடைந்த பிறகு, இருட்டில் சாதுவாக இருக்கும்போது, கழுத்துக்குக் கீழே இருக்கிற தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் அது நிறைந்திருக்க வேண்டும், மறுநாள் விடியலில் காலியாக இருக்க வேண்டும். விடிந்தும் கல் மாதிரி கெட்டியாக இருந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே புளித்துக் கெட்டிருக்கிறது. இரண்டுக்குமே கோழியைத் தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. செய்யாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கி அங்கேயே செத்துவிடும்.

அப்படியே நெஞ்செலும்பையும் ஒரு முறை தடவுங்கள். இருபக்கமும் சதை வற்றி எலும்பு கத்தி முனைபோல் தட்டினால், அந்தக் கோழி பல நாளாகவே இளைத்து வருகிறது. இறகு இதைக் கண்ணுக்கு மறைத்துவிடும், விரலுக்கு மறைக்காது. மாதம் ஒரு முறை தராசில் நிறுத்து எழுதி வைத்தால் இன்னும் நல்லது. நான் ஆறு மாதம் எழுதினேன், பிறகு விட்டுவிட்டேன். விட்டது தப்பு.

தொங்கிய வால், இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக உம்மென்று நிற்பது, பட்டப்பகலில் கண்ணை மூடுவது, கொண்டை வெளுப்பது அல்லது நீலம் பாய்வது, இவற்றில் எது தெரிந்தாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

எச்சத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. எது சரி, எது கோளாறு?

பச்சையும் பழுப்புமாக, மேலே வெள்ளைத் தொப்பி போட்டதுபோல் இருந்தால் சரி. அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர். பத்தில் ஒரு தடவை களிம்பு மாதிரி, கரும்பழுப்பாக, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு போகும். அதுவும் சரிதான், குடல்முனைப் பைகள் காலியாகிற எச்சம் அது. புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துத்தான் அலறிப்போய் போன் செய்வார்கள். ரத்தம், தொடர்ந்து தண்ணீராகப் போவது, பச்சையும் வெள்ளையுமாகப் பீச்சுவது, இவைதான் கோளாறு.

உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தனியாக எடுத்து வையுங்கள். தொற்று பரவாமல் இருக்க மட்டும் இல்லை, மற்றவை கொத்தாமல் இருக்கவும்தான். காற்றோட்டமான அட்டைப்பெட்டி போதும். கீழே பழைய துணி விரித்தால் எச்சத்தையும் கவனிக்கலாம்.

அப்புறம் கதகதப்பு. நோயுற்ற பறவைக்குத் தன் சூட்டைக் காப்பாற்றவே பாதிச் சக்தி போய்விடும். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடு கிடைக்கும்படி வையுங்கள், வேண்டாம் என்றால் அதுவே நகர்ந்துகொள்ளட்டும். வெயிலில் வாயைப் பிளந்து இளைக்கிற கோழிக்கு இது பொருந்தாது, அதற்கு நிழலும் தண்ணீரும் வேண்டும். இன்னொன்று: கோழியின் உடல்சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். தொட்டதும் சுடுகிறதே, காய்ச்சல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

மூன்றாவது தண்ணீர். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தால் தானே நக்கி விழுங்கும். வாயைத் திறந்து பீச்சக் கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்து கிடக்கிறது. தீனி நான்காவதுதான். தீனிப்பை இறங்காத கோழிக்குத் திணிப்பது அன்பு மாதிரித் தெரியும், ஆனால் அதற்கு அது வேதனை.

மற்றவற்றுக்குத் தீனி போட்டு முடித்துவிட்டு, கடைசியாக நோயாளியிடம் போங்கள். கையும் செருப்பும் வழியாகத்தான் பல நோய்கள் நடந்து வருகின்றன.

என்ன நோய் என்று ஊகிக்க முடியுமா?

ஓரளவுக்கு. ஊகம் மருத்துவரிடம் சரியாகச் சொல்ல உதவும், அவ்வளவுதான்.

பச்சை வெள்ளைக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொண்டு வானம் பார்ப்பது என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது வெள்ளைக்கழிச்சல். வைரஸ் நோய், வந்தபின் மருந்து கிடையாது. முன்பே போட்ட தடுப்பூசிதான் ஒரே வழி. தப்பிப் பிழைப்பவற்றில் சிலவற்றுக்குக் கழுத்துக் கோணல் கடைசிவரை நிற்கும். என்னிடம் அப்படி ஒருத்தி இருந்தாள். தானியத்தைக் குறிபார்த்து அதற்குப் பக்கத்தில் கொத்துவாள். அகலமான கிண்ணம் நிறையப் போட்டால் எங்கே கொத்தினாலும் தீனிதானே, அப்படியே இரண்டு வருடம் வாழ்ந்தாள்.

சில வாரக் குஞ்சுகள் குறுகி நின்று ரத்தமாகக் கழிந்தால் ரத்தக்கழிச்சல். ஈரக் கூளம் வழியாகப் பரவி, குடலில் பெருகுகிற ஒட்டுண்ணி இது. சீக்கிரம் பிடித்தால் காப்பாற்றலாம். பரவலாகத் தருகிற ஆம்ப்ரோலியம் என்ற மருந்து, அந்த ஒட்டுண்ணிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் செய்துதான் அதை அடக்குகிறது. அதே தண்ணீரில் சத்துக்கு என்று வைட்டமின் மருந்தையும் கலந்தால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வேலை. இதை நான் செய்திருக்கிறேன். மூன்று குஞ்சுகள்.

கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வந்து கறுத்துப் பொருக்குத் தட்டினால் அம்மை. கொசுவும் இதைப் பரப்பும். தோலோடு நின்றால் பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் ஆறிவிடும், பொருக்கைப் பிய்க்காமல் இருந்தால் போதும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் வெள்ளைப் படலம் கட்டினால் அது ஆபத்தான வகை.

முகம் வீங்கி, மூக்கு ஒழுகி, கிட்டே போனாலே நாறினால் தொற்றுச் சளி. தேறிய கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும்.

ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீட்டிக்கொண்டு இளங்கோழி படுத்துவிட்டால் மாரெக் நோயாக இருக்கலாம். 1907இல் ஹங்கேரியின் கால்நடை மருத்துவர் யோஜெஃப் மாரெக் விவரித்ததால் அந்தப் பெயர். இறகுத் தூசியில் பரவுகிறது. முதல் நாள் குஞ்சுக்குப் போடும் தடுப்பூசி கட்டிகள் வராமல் தடுக்கும், கிருமி தொற்றுவதை முழுக்கத் தடுக்காது.

முட்டையிடும் பெட்டை பென்குவின் மாதிரி நிமிர்ந்து நின்று முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைய இருபது நிமிடம் உட்கார வைத்து, பிறகு இருட்டான கதகதப்பான இடத்தில் விடுங்கள். வயிற்றை அழுத்தி வெளியே தள்ளப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் நிலைமை மோசமாகும். அன்றைக்குள் வரவில்லை என்றால் மருத்துவர்தான்.

ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போனால் சிரிக்க மாட்டார்களா?

சிலர் சிரிக்கிறார்கள். ஒருவர் என்னிடம் கோழியின் விலையைக் கேட்டார், மருந்துச் செலவோடு ஒப்பிட. நான் வேறு மருத்துவரைத் தேடிக்கொண்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறபோதே பறவை பார்க்கிற மருத்துவர் யார் என்று விசாரித்து எண்ணை வாங்கி வையுங்கள். போகும்போது அன்றைய எச்சத்தையும் கொஞ்சம் எடுத்துப் போங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்கலாமா?

வேண்டாம். மேலே சொன்னவற்றில் மூன்று வைரஸ் நோய்கள், அவற்றை அது தொடக்கூட முடியாது. கொடுக்கச் சொல்லி மருத்துவரே கொடுத்தால், எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நோயில் செத்த கோழியையும், சாகப் போகிறது என்று அவசரமாக அறுத்ததையும் சமைக்கக் கூடாது.

ஒரே நாளில் இரண்டு மூன்று செத்துவிட்டன. என்ன செய்வது?

இது துக்கத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது. தலை வீக்கம், கொண்டை நீலம், அடுத்தடுத்துச் சாவு என்றால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. வெறுங்கையால் தொடாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள், குழந்தைகளை விலக்கி வையுங்கள். உங்கள் பகுதிக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். மிச்சக் கோழிகளையும் எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

வைத்தியம் போதும் என்று எப்போது முடிவெடுப்பது?

கேட்கப்படுவதிலேயே கஷ்டமான கேள்வி இதுதான், அதிகம் கேட்கப்படுவதும் இதுதான்.

நான் பார்ப்பது சில சின்ன விஷயங்களை. தானாகத் தின்கிறாளா? தண்ணீர் குடிக்கிறாளா? எழுந்து நிற்கிறாளா? இறகைக் கோதிக்கொள்கிறாளா? கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும். ஆனால் கோதுவதை நிறுத்திய கோழி தன் மேல் அக்கறையை நிறுத்திவிட்டது என்று எனக்குப் படும். இத்தனையும் இரண்டு மூன்று நாளாக இல்லை, மருந்துக்கும் அசையவில்லை என்றால், அதற்குப் பிறகு நான் இழுத்துப் பிடிப்பது எனக்காகத்தான்.

‘செவலை’க்கு வயிற்றில் கட்டி. முட்டையிடும் கோழிகளுக்குச் சினைப்பைப் புற்றுநோய் தானாகவே வருவதுண்டு. மனிதருக்கு வருகிற அதே நோயைப் படிக்க ஆராய்ச்சியாளர்கள் கோழிகளைப் பார்க்கிற அளவுக்கு அது சகஜம். நான் பதினோரு நாள் அவளுக்குச் சிரிஞ்சில் ஊட்டினேன். ஏழாம் நாளிலேயே மருத்துவர் சொல்லிவிட்டார். மிச்ச நான்கு நாளும் அவள் கண்ணைத் திறந்ததே மருந்துக்கு வாயைத் திறக்க வைத்தபோதுதான். இன்று கேட்டால் அந்த நான்கு நாளைத்தான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மருத்துவர் ஊசி போட்டு முடிப்பதுதான் சரி. கழுத்தெலும்பை விலக்கி நொடியில் முடிக்கிற முறையும் உண்டு, தெரிந்தவர் கையில் அது இரக்கமான முறை. எங்கேயோ படித்துவிட்டு முதல் முறையாகத் தனியாக முயலாதீர்கள். கை தயங்கினால் வேதனை அதற்குத்தான்.

இறந்த கோழியை என்ன செய்வது?

காரணம் தெரியவில்லை, மற்றவை இருக்கின்றன என்றால் புதைப்பதற்கு முன்னால் பிரேதப் பரிசோதனைக்குக் கேளுங்கள். உடலை உடனே பையில் கட்டி, குளிர்ச்சியாக வைத்து, ஒரு நாளுக்குள் கொண்டுபோக வேண்டும். உறைய வைத்தால் திசு கெட்டுவிடும். ‘அறுக்கக் கொடுப்பதா?’ என்று மனது தயங்கும். எனக்கு அதுதான் ஆறுதலாக இருந்தது. பூசணியைக் கொன்றது கல்லீரல் என்று தெரிந்ததால்தான் மற்றவர்களின் தானியத்தைக் குறைத்தேன்.

புதைப்பதானால் கிணறு, நீர்நிலையிலிருந்து தள்ளி, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். உங்கள் ஊரில் அதற்கு விதி இருந்தால் அதன்படி செய்யுங்கள்.

என் கவனக்குறைவால்தான் செத்தது. இதை எப்படிக் கடப்பது?

சில சமயம் அது உண்மை. அப்படியெல்லாம் இல்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் உங்களுக்கும் நம்பிக்கை வராது. நான் புதிதாக வாங்கி வந்த கோழியைத் தனியே வைக்காமல் அன்றே கூட்டத்தில் விட்டேன். அந்த வாரம்தான் நான்கு போயின. என் தப்புதான். அதற்குப் பின் வந்த எந்தக் கோழியும் ஒரு மாதம் தனியே இருக்காமல் உள்ளே போனதில்லை.

ஆனால் பெரும்பாலான குற்ற உணர்வு இப்படி ஒரு தெளிவான தப்பிலிருந்து வருவதில்லை. ‘செவ்வாய்க்கிழமையே பார்த்திருந்தால்’ என்பதிலிருந்து வருகிறது. செவ்வாய்க்கிழமை அவள் உங்களிடம் மறைத்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் கெட்டிக்காரி.

இன்னொரு பங்கு அந்த உடம்புக்கே உண்டு. கோழிக்கு மூதாதையான காட்டுக்கோழி வருடத்துக்கு 10–15 முட்டை இடும். முட்டைக்கென்று உருவாக்கிய இனங்கள் 300ஐத் தொடும். அந்தக் கருப்பையும் சினைப்பையும் நான்கைந்து வயதில் கைவிடுவதில் ஆச்சரியம் இல்லை. நீங்கள் வாங்கும் முன்பே அது எழுதியாகிவிட்டது.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். சாகும். நல்ல தாய்க்கோழி, முதல் அடை, கூடு கொஞ்சம் ஒடுக்கம், காலையில் ஒரு குஞ்சு தட்டையாகக் கிடந்தது. அவள் மற்ற ஒன்பதையும் வளர்த்து ஆளாக்கினாள்.

ஒரு கோழிக்குப் போய் அழுவதா என்கிறார்கள்.

அழுங்கள். ‘இன்னொன்று வாங்கிக்கொள்’ என்பவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவர்களுக்குக் கோழி என்பது ஒரு வகை, உங்களுக்கு அது சமையலறை வாசலில் வந்து நின்று குரல் கொடுத்த ஒருத்தி. நாள் கணக்காகச் சாப்பாடு, தூக்கம் பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மட்டும் யாரிடமாவது பேசுங்கள். சில சமயம் கோழியின் சாவு, நாம் முன்பு அழாமல் விட்ட வேறொரு சாவையும் இழுத்துக்கொண்டு வரும்.

குழந்தையிடம் என்ன சொல்வது?

செத்துவிட்டது என்றே சொல்லுங்கள். ‘தூங்குகிறது’ என்றால் அன்றிரவு தூங்கப் பயப்படும். ‘யாருக்கோ கொடுத்துவிட்டோம்’ என்றால் என்றாவது போய்ப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். தொற்று இல்லாத சாவு என்றால் புதைக்கும்போது கூட இருக்கட்டும்.

மற்ற கோழிகளுக்குத் துக்கம் இருக்குமா?

2011இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். குஞ்சுகள் மேல் லேசாகக் காற்றை ஊதி அவற்றைச் சங்கடப்படுத்தியபோது, பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோழிகளின் இதயத்துடிப்பு கூடியது, அவை குரல் கொடுத்தன. அது சாவைப் பற்றிய சோதனை இல்லை, அதிலிருந்து துக்கத்துக்குத் தாவ எனக்குத் துணிச்சல் இல்லை. நான் கண்டது இரண்டு விதமும். ஒருத்தி தோழி அடைந்த இடத்தில் ஒரு வாரம் தனியே போய் அடைந்தாள். இன்னொரு சாவில் மற்றவை உடலைத் தாண்டிப் போய்த் தீனி கொத்தின. நிச்சயமாக நடப்பது என்னவென்றால் கொத்துகிற வரிசை குலையும், சில நாள் சண்டை இருக்கும்.

ஒன்றே ஒன்று மிஞ்சினால் அதைத் தனியாக விடாதீர்கள். கூட்டத்தோடு வாழப் பிறந்த உயிர் அது. தொற்று இருந்திருந்தால் துணை தேடுமுன் மருத்துவரைக் கேளுங்கள், மிஞ்சியவளே கிருமியைச் சுமப்பவளாக இருக்கலாம்.

புதுக் கோழிகளை எப்போது கொண்டுவரலாம்?

கூண்டுக்கு ஒரு கணக்கு, மனதுக்கு ஒரு கணக்கு. கூண்டில் முதலில் கூளம், எச்சம், தூசி எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றினால் வேலை செய்யாது. பிறகு மருந்து, பிறகு நன்றாகக் காய விடுதல். எத்தனை நாள் காலியாக விட வேண்டும் என்பது நோயைப் பொறுத்தது. மாரெக் கிருமி தூசியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியின் முட்டைகளைச் சாதாரணக் கிருமிநாசினிகள் கொல்வதில்லை.

மனதின் கணக்கை நான் சொல்ல முடியாது. எனக்கு ஒரு தடவை இரண்டு வாரம் ஆனது, ஒரு தடவை ஒரு வருடம்.

செத்துப்போன கோழியின் பெயரைப் புதியதற்கு வைக்கலாமா?

நான் வைப்பதில்லை என்று இருந்தேன். செவலை போன மறு வருடம் வந்த ஒரு குஞ்சு, வளர வளர அதே நிறத்துக்கு வந்தது. அவளுக்கு ‘மிளகாய்’ என்று பெயர் வைத்தோம். வீட்டில் ஒருவரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. செவலை என்றால்தான் திரும்பிப் பார்க்கிறாள்.